வலிக்க வேண்டிய இடம்

காலில் பச்சை குத்திக்கொள்ள வருகிறவர்களிடம் ஊசியக்கா முதலில் ஒரு பாட்டுப் பாடுவாள். ராகம் தாளமெல்லாம் கிடையாது. பதினேழு வருடமாகச் சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிப்போன எச்சரிக்கைகள்தான். கணுக்கால் எலும்புக்கு மேல் சதையே இல்லை, அதனால் ஊசி நேராக எலும்பில் இறங்குவதுபோல இருக்கும். பாதத்தின் ஓரத்திலும் விரலிலும் குத்தினால் வருடம் திரும்புவதற்குள் மங்கிவிடும், அப்புறம் என்னிடம் வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஷூ, சாக்ஸ், மூடின செருப்பு எதுவும் ஆகாது. நீச்சல் குளம் இருக்கும் திசையில் தலைவைத்துப் படுக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் கால் வீங்கும், தலையணைமேல் தூக்கிவைத்து மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார வழியில்லாத உத்தியோகம் என்றால், லீவு கிடைக்கும்போது வந்தால் போதும்.

பாட்டைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அப்படியே படியிறங்கிப் போய்விடுவார்கள். அதில் ஊசியக்காவுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கால்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவர்களுக்கு மட்டுமே கால். மற்றவர்கள் தோளைக் காட்டட்டும், கையைக் காட்டட்டும். தன் கடையில் தான் வைத்ததுதான் சட்டம் என்பதில் அவளுக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

கடை மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. ஒரே அறை. சாய்த்துப் படுக்கவைக்கும் நாற்காலி, கை கழுவும் தொட்டி, சக்கரம் வைத்த எவர்சில்வர் மேசை. சுவரில் ஒரு கண்ணாடி, ஆனால் முகம் பார்க்கும் உயரத்தில் இல்லை, தரையை ஒட்டி மாட்டியிருந்தது. கால் கேட்டு வருகிறவர்களை அதன் எதிரே நிற்கவைத்துத்தான் படத்தின் அச்சுத்தாளை ஒட்டுவாள். படுக்கவைத்து ஒட்டினால், எழுந்து நின்றதும் தோல் திரும்பி, நேராக இருந்த பூ கோணிக்கொண்டு நிற்கும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்யாணப் பெண்ணின் கணுக்காலில் கோணல் பூ போட்டு, அந்தப் பெண்ணின் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு வாங்கிய கண்ணாடி அது.

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு மனிதர் படியேறி வந்தார். ஐம்பத்தாறு வயது இருக்கும். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கயிறு கட்டிய கறுப்பு ஷூ. நகரப் பேருந்து ஓட்டுகிறவர். உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்தில் தன் பெருமையை அவரே எடுத்து வைத்தார்.

"டிப்போவுல என்னை டம்ளர்னுதான் கூப்பிடுவாங்க. நிறையத் தண்ணி ஊத்தி ஒரு டம்ளர முன்னால வெச்சுட்டா, கடைசி ஸ்டாப் வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாது. அப்படிப் பிரேக் போடுவேன். இருபத்தேழு வருஷம், வண்டில ஒரு கீறல் கிடையாது."

ஊசியக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது. தன் வேலையைப் பற்றிக் கூசாமல் பெருமை பேசுகிறவர்களை அவளுக்கு எப்போதும் பிடிக்கும், அவளும் அந்த ஜாதிதான். பாட்டை ஆரம்பித்தாள். டம்ளர் பரீட்சைக்குப் படிக்கிறவர்போலக் கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"கணுக்கால்லதானே ரொம்ப வலிக்கும்?"

"ஆமா சார்."

"நிச்சயமா வலிக்குமில்ல?"

"பதினேழு வருஷத்துல வலிக்கலன்னு சொன்ன ஆள நான் பாத்ததில்ல. பயமா இருந்தா தோள்ல போட்டுடலாம்."

"வேண்டாம்மா. கணுக்கால்தான். வலது கால்."

என்ன படம் என்று கேட்டதற்கு, எதுவாக இருந்தால் என்ன என்றார். இங்கேதான் ஊசியக்கா சறுக்கினாள். என்ன வேண்டும் என்று தெரியாமல் வருகிறவர்களை, போய் யோசித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்புவது அவள் வழக்கம். ஆனால் இவர் இருபது நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். லீவு விஷயத்தில் எல்லோரும் அவளிடம் பொய் சொல்வார்கள், ஒரு மனிதர் சொல்லாமலே அவள் சட்டத்தை நிறைவேற்றிவிட்டு வந்தால் மனசு குளிராதா? ஆல்பத்தைத் தூக்கிக் கொடுத்தாள். அவர் இரண்டாவது பக்கத்திலேயே ஒரு நங்கூரத்தின்மேல் விரலை வைத்தார்.

படிவத்தை எடுத்துக் கேள்விகளைக் கேட்டாள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது? இல்லை. மருந்து ஒவ்வாமை? இல்லை. சர்க்கரை?

"அதெல்லாம் நமக்கு ஏதும்மா," என்றார் டம்ளர். அவர் சொன்ன வேகத்தில் அவளும் டிக் போட்டாள்.

ஷூவைக் கழற்றியபோது உள்ளேயிருந்து ஒரு கல் உருண்டு விழுந்தது. பட்டாணி அளவு இருக்கும், சாக்ஸில் அது அழுத்திய குழிகூடத் தெரிந்தது.

"இத வெச்சுக்கிட்டா மாடிப்படி ஏறி வந்தீங்க?" என்று ஊசியக்கா சிரித்தாள்.

டம்ளர் அந்தக் கல்லை யார் வீட்டுக் கல்லோ என்பதுபோலப் பார்த்தார். "இப்பதான் விழுந்திருக்கும்," என்று சொல்லிவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார்.

கணுக்காலில் முடியே இல்லை, வழவழவென்று இருந்தது. மழிக்கிற வேலை மிச்சம் என்று அவளுக்குச் சந்தோஷம். கண்ணாடி எதிரே நிற்கவைத்து அச்சு ஒட்டினாள். நங்கூரம் எலும்புக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி, பாதத்துக்குள் இறங்கி நின்றது. பிறகு நாற்காலியில் சாய்த்துப் படுக்கவைத்துக் கையுறையை மாட்டினாள்.

"ஒரு விஷயம்மா," என்றார் அவர். "நான் கண்ண மூடிக்கறேன். ஆரம்பிக்கும்போது சொல்லாதீங்க. எனக்கே தெரியட்டும்."

ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு கிறுக்கு. ஒருத்தி கணவன் கையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள், ஒருவர் ஊசி போடப் போட வாய்ப்பாடு ஒப்பித்தார். ஊசியக்கா சரி என்றாள். எந்திரத்தை ஓடவிட்டு முதலில் ஒரு நிமிடம் காற்றிலேயே பிடித்திருந்தாள். அந்த இரைச்சல் காதுக்குப் பழகிவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்று அவள் எல்லோருக்கும் செய்கிறதுதான். அப்புறம் சத்தம் காட்டாமல் ஊசியை எலும்பின்மேல் இறக்கினாள்.

சாதாரணமாக இந்த இடத்தில் கால் பேச ஆரம்பிக்கும். விரல்கள் சுருங்கும், பாதம் பின்னால் இழுக்கும், கெண்டைச்சதை துடிக்கும். அவள் இடது கை எந்நேரமும் காலோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். குத்துச்சண்டைக்காரன் ஒருவன் உதைத்ததில் மேசையோடு அவளும் கவிழ்ந்திருக்கிறாள். இந்தக் காலோ அசையவில்லை. கோடு காகிதத்தில் வருவதுபோல வழுக்கிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு காலுக்குத்தான் நான் இத்தனை வருடமாகக் காத்திருந்தேன் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வளையம் முடிந்தது, தண்டு முடிந்தது, ஒரு பக்கக் கொக்கியும் முடிந்தது. கால் மணி நேரம் போயிருக்கும்.

"சார், சும்மா சொல்லல," என்றாள் மை துடைத்துக்கொண்டே. "உங்கள மாதிரி ஒரு ஆள நான் பாத்ததே இல்ல. அப்படி ஒரு பொறுமை."

டம்ளர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "ஏம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"

ஜோக்கு அடிக்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தவள் அவர் கைகளைப் பார்த்தாள். நாற்காலியின் இரண்டு பிடிகளையும் விரல் வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பல்லைக் கடித்துக்கொண்டு, வரப்போகிற வலிக்காகக் கால் மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஊசியக்கா எந்திரத்தை நிறுத்தினாள்.

"கண்ணத் திறங்க."

அவர் திறந்து, எம்பிக் காலைப் பார்த்தார். முக்கால் நங்கூரமும், அதன் ஓரத்தில் பொடிப்பொடியாக ரத்தமும். தன் காலைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினார். அவள் பாதி வழியிலேயே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாதீங்க, பச்சைப் புண்ணு. கால் எத்தனை நாளா மரத்துக் கிடக்கு?"

"மரத்தெல்லாம் போகல."

"மழுப்பாதீங்க அண்ணே." சார் எப்போது அண்ணன் ஆனார் என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் உங்க எலும்பு மேல கால் மணி நேரம் ஊசி ஓட்டியிருக்கேன்."

டம்ளர் மறுபடியும் சாய்ந்துகொண்டார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒரு வருஷம் இருக்கும். முதல்ல விரல் மட்டும்தான். பஞ்சு மேல நடக்கற மாதிரி இருந்துச்சு. ஷூ சரியில்லன்னு மூணு ஷூ மாத்தினேன். போன மாசம் ஒருநாள் வீட்டுத் தரையெல்லாம் ரத்த அடி. யாரு கால வெட்டிக்கிட்டு வீடு பூரா நடக்கறதுன்னு நான் சத்தம் போடறேன். என் சம்சாரம் ஓடி வந்து என் காலப் பாத்துட்டு அழறா. கண்ணாடி குத்தியிருக்கு, எனக்குத் தெரியல."

"அப்பவே டாக்டர்கிட்ட போயிருக்கணுமில்ல?"

"போனா கால் சரியில்லன்னு அவரு எழுதிடுவாரும்மா. எழுதினா டிப்போவுக்குப் போகும். ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்தான் எனக்கு." நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "செவ்வாய்க்கிழமை சிக்னல்ல நிக்கறேன். கால் பிரேக்குலதான் இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். வண்டி மெல்ல நகருது. குனிஞ்சு பாத்தா கால் பிரேக்குக்குப் பக்கத்துல, சும்மா தரையில இருக்கு. முன்னால சைக்கிள்ல ஒரு பொண்ணு. நடுவுல ஒரு முழம்தான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்கல."

ஊசியக்கா எந்திரத்தை மேசைமேல் வைத்தாள்.

"மறுநாளே லீவு போட்டேன். என் மச்சான் போன வருஷம் கணுக்கால்ல பச்சை குத்திக்கிட்டு ஊரக் கூட்டினான். எருமைக்குக் குத்தினாக்கூட வலிக்கும்னு சொன்னான். சரி, அத ஒரு தடவ பாத்துடுவோம், வலிச்சுட்டா கால் நல்லாத்தான் இருக்கு, லீவு முடிஞ்சதும் வண்டி எடுத்துடலாம்னு வந்தேன். வலிக்கணும்னுதாம்மா வந்தேன்."

"வலிக்கலன்னா?"

"அத நான் யோசிக்கவே இல்ல."

ஊசியக்காவுக்குக் கோபம் கோபமாக வந்தது. பாதிக் கோபம் அவர்மேல், மீதி தன்மேல். காலைப் பார்த்தே ஆளைச் சொல்வேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள், ஷூவிலிருந்து கல் விழுந்தபோது சிரித்தாள். முடி உதிர்ந்த தோலைப் பார்த்து வேலை மிச்சம் என்றாள். அசையாத காலைப் பார்த்துப் பொறுமை என்று பாராட்டுப் பத்திரம் வாசித்தாள். கடைசியில், புண் வந்தால் தெரியாத காலில் தன் கையாலேயே ஒரு புண்ணைப் போட்டு வைத்திருக்கிறாள்.

"மிச்சத்தையும் முடிச்சுடுங்க," என்றார் டம்ளர். "ஒருவேள போகப் போகத் தெரியலாம்."

"தெரியாது அண்ணே. முடிக்கவும் மாட்டேன்."

"பாதியில விடுவீங்களா?"

"விடுவேன். இதுவரைக்கும் விட்டதில்ல. இத விடறேன்."

அவள் புண்ணைக் கழுவித் துடைத்து, மெல்லிய ஒட்டுத்தாளால் மூடினாள். கையுறையை மாற்றிக்கொண்டு, அளவு குறிக்க வைத்திருக்கும் ஊதாப் பேனாவையும் ஒரு மரக்குச்சியையும் எடுத்தாள். வைத்தியம் அவளுக்குத் தெரியாது. தோலில் கோடு போடத் தெரியும். அதையாவது ஒழுங்காகச் செய்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

"கண்ண மூடுங்க. குச்சி பட்டா பட்டுதுன்னு சொல்லணும். எனக்காகச் சொல்லக் கூடாது, வம்புக்கும் சொல்லக் கூடாது."

பெருவிரலில் தொட்டாள். பதில் இல்லை. புறங்காலில் தொட்டாள். இல்லை. குதிகாலில், எலும்பில், எலும்புக்கு மேலே. டம்ளரின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருமுறை, "பட்டுது," என்றார். அப்போது குச்சி காலில் படவே இல்லை. அவள் அதை அவரிடம் சொல்லவில்லை, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொட்டுக்கொண்டு வந்தாள். கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே வந்தபோது அவருடைய புருவம் அசைந்தது.

"இங்க ஏதோ உரசற மாதிரி இருக்கு."

அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். காலைச் சுற்றிலும் அப்படியே தேடிப் புள்ளி புள்ளியாக வைத்துச் சேர்த்தாள். முன்பக்கம் கொஞ்சம் ஏறி, பின்பக்கம் இறங்கி, ஒரு கோடு காலைச் சுற்றி வந்தது. இடது காலில் அந்தக் கோடு கணுக்கால் எலும்பிலேயே நின்றுவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் விளிம்பில், குச்சியைக் கொஞ்சம் பலமாகவே அழுத்தினாள்.

"வலிக்குது," என்றார் டம்ளர். கண்ணைத் திறந்துவிட்டார். "வலிக்குதும்மா. நல்லாவே வலிக்குது."

அந்த வார்த்தையை அந்த அறையில் அவள் ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை சந்தோஷமாக ஒருவரும் சொன்னதில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது, திரும்பித் தொட்டியில் கை கழுவுகிற சாக்கில் ஒரு நிமிடம் நின்றாள்.

திரும்பி வந்தபோது பழைய ஊசியக்காவாகவே வந்தாள். "இப்ப நான் சொல்றதக் கேட்டுக்குங்க. இது சர்க்கரையா வேற எதாவதான்னு எனக்குத் தெரியாது. டாக்டர் சொல்லணும். இன்னைக்கே போகணும், நாளைக்குன்னு சொன்னா நானே இழுத்துக்கிட்டுப் போவேன். இந்தக் கோட்ட அழிக்காம அப்படியே காட்டுங்க. நான் போட்ட புண்ண காலையிலயும் சாயங்காலமும் கண்ணால பாக்கணும். சிவந்தாலும், வீங்கினாலும் உங்க கால் உங்களுக்குச் சொல்லாது. ஷூ கூடாது. வீட்டுக்கு போன் பண்ணி வார் வெச்ச செருப்பு கொண்டுவரச் சொல்லுங்க."

"வண்டி?" என்றார் அவர் மெதுவாக.

அவர் ஓட்டிவந்து கீழே மருந்துக்கடை வாசலில் நிறுத்தியிருக்கிற சின்னக் காரைச் சொல்கிறாரா, பேருந்தைச் சொல்கிறாரா என்று அவள் கேட்கவில்லை. "அதையும் நானே சொல்லணுமா அண்ணே?" என்றாள். அவர் போனை எடுத்தார்.

அரை மணி நேரத்தில் அவர் மனைவி வந்தாள். படியேறிய மூச்சு வாங்கியது, கையில் துணிப்பையில் செருப்பு. கணவனின் இரண்டு கால்களிலும் ஊதாக் கோட்டையும், ஒன்றில் முக்கால் நங்கூரத்தையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது? யாரு உங்கள இதெல்லாம் பண்ணச் சொன்னது? இந்தக் கோடு எதுக்கு?"

டம்ளர் அவளைப் பார்த்தார். ஊசியக்காவைப் பார்த்தார். கதை கட்ட ஆரம்பிக்கப்போகிறார் என்றுதான் ஊசியக்கா நினைத்தாள்.

"அந்தக் கோட்டுக்குக் கீழ எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார். "ரொம்ப நாளா தெரியல."

அந்த அம்மாள் அழவில்லை. ஒரு மாதமாக அழுது முடித்துவிட்டாள் போலிருக்கிறது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துச் செருப்பை மாட்டினாள். ஒட்டுத்தாளில் படாமல் வாரை இழுத்துப் பூட்டினாள்.

"இறுக்குதா?"

"இல்ல, சரியாத்தான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "தெரியல. நீயே பாத்துச் சொல்லு."

அவள் கை வாரின்மேல் அப்படியே நின்றது. இத்தனை வருடக் குடித்தனத்தில் 'நீயே பாத்துச் சொல்லு' என்று அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு வாருக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். ஒரு துளை தளர்த்தினாள்.

டம்ளர் எழுந்து நின்றார். ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துப் பார்த்து இறங்கினார். ஊசியக்கா பின்னாலேயே இறங்கிப் போய்த் தெருக்கதவருகில் நின்றாள். காரின் பக்கத்தில் அவர் பழக்கதோஷத்தில் ஓட்டுகிறவர் பக்கம் போனார், கதவைத் திறந்தார். மனைவி அடுத்த பக்கம் போய் நின்றாள். அவளுக்கு லைசென்ஸ் கிடைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இவர் பக்கத்தில் இருக்கும்போது அவள் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

அவர் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். பேருந்து ஒன்று அவரைத் தாண்டிப் போனது. அதை ஓட்டியவன் கையைத் தூக்கிக் காட்டினான், இவரும் காட்டினார். பிறகு காரைச் சுற்றி நடந்துபோய் மனைவியின் கையில் சாவியை வைத்தார்.

"நானா?" என்றாள் அவள்.

"நீதான். அவசரப்படாம ஓட்டு."

"நேரா டாக்டர்கிட்டதானே?"

"முதல்ல டிப்போவுக்கு விடு," என்றார் டம்ளர். "நானே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."